அடுத்தவன் பெட்டி

செம்புக் கம்பியின் விலையை எங்கள் கடையில் கரும்பலகையில் சாக்கட்டியால்தான் எழுதுவோம். அச்சடித்து மாட்டினால் வாரத்துக்கு ஒரு பலகை வேண்டியிருக்கும். கெடோலா என்ற இந்தச் சுரங்க ஊரில் மின் சாமான் விற்கும் கடை அது ஒன்றுதான். அதன் கவுண்டரில் நின்றே எனக்கு வயதாகிவிட்டது. விடியுமுன் கதவைத் திறந்து காப்பியைப் போட்டு வைத்தால் ஒப்பந்ததாரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். வேனின் இன்ஜினை அணைக்காமல் வெளியே உறும விட்டுவிட்டு, பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் உதைத்து உதிர்த்துவிட்டு, காப்பிக்கு முன்னால் பலகையைத்தான் பார்ப்பார்கள்.

"என்ன பெரியவரே, இன்னைக்கும் ஏத்திட்டீங்களா?" என்பான் ஸ்டீவ் பெர்பிச்.

"நான் எங்கப்பா ஏத்தறேன். எழுதறது மட்டுந்தான் என் வேலை."

"போன வாரம் குடுத்த கொட்டேஷன் இந்த வாரம் எனக்கே சிரிப்பா இருக்கு. கஸ்டமர் மட்டும் அதை ஃபிரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கான்."

அந்தக் குளிர்காலத்தில் சிரிப்பெல்லாம் அப்படித்தான் இருந்தது. இலையுதிர்காலத்திலேயே சுரங்கத்தில் ஒரு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். சுரங்கம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினால் எங்கள் ஊரில் இரண்டு காரியம் நடக்கும். யாரும் சமையலறையைப் புதுப்பிக்க மாட்டார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட சுரங்க எலெக்ட்ரீஷியன்கள் பக்கத்து வீட்டு கராஜில் ஒரு பெட்டி பீருக்கு ஒயர் இழுத்துக் கொடுப்பார்கள். அவர்களுக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை. இதையெல்லாம் கட்டிவிட்டுத் தொழில் செய்கிறவனால் அந்த விலைக்குச் செய்ய முடியாது. கொஞ்சம் பெரிய வேலை என்றாலோ டலூத்திலிருந்து நகரத்துக் கம்பெனிகள் வந்து தட்டிக்கொண்டு போய்விடும். மிச்சம் இருந்ததை உள்ளூர்க்காரர்கள் இருவர் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஸ்டீவ். இன்னொருவன் ரஸ் நியெமி, என் பக்கத்து வீட்டுக்காரன்.

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்த வருஷம் மட்டும் பேச்சு இல்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் புது ஒயரிங் போடும் டெண்டரில் ரஸ் குறைத்துக் கேட்டு வாங்கிவிட்டான். அவ்வளவு குறைவாகக் கேட்டால் கூலியே தேறாது என்று ஸ்டீவ் ஊரெல்லாம் சொன்னான். அது ரஸ்ஸின் காதுக்கும் வந்தது.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. ஒரு வீட்டு மின்பெட்டியைப் பொருத்தியவன் அதன் கதவுக்குள் தன் பெயரும் எண்ணும் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவான். பிறகு அந்த வீட்டுக்கு வேறொருவனைக் கூப்பிட்டால், வந்தவன் மூடியைக் கழற்றுவதற்கு முன் ஸ்டிக்கரில் உள்ளவனுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். முடியாது என்று யாரும் சொன்னதாக நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே எதை எதற்காக எப்படி விட்டு வைத்தான் என்பது விட்டவனுக்குத்தானே தெரியும்.

நவம்பர் மாதம் ஒரு காலையில், கவுண்டரின் ஒரு முனையில் ஸ்டீவும் மறுமுனையில் ரஸ்ஸும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ரஸ் போனை எடுத்து எண்ணை அழுத்தினான். ஸ்டீவின் பையில் மணி அடித்தது. ஸ்டீவ் எடுத்தான்.

"யாரு?"

"ரஸ் நியெமி."

"சொல்லு."

"பைன் தெருவுல நீலக் கதவு வீடு. உன் பெட்டி. திறக்கட்டுமா?"

"திற. அடியில ஒரு ஒயர் சும்மா கிடக்கும். அது கராஜுக்குப் போறது. வெட்டிப் போட்டுறாதே."

"சரி."

இருவரும் போனை வைத்துவிட்டு, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு மீதிக் காப்பியைக் குடித்தார்கள். கடையில் இருந்த மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள்.

அதற்கடுத்த வாரம் ரஸ் கடைக்கு வந்தான். காப்பி எடுக்கவில்லை. பலகையையும் பார்க்கவில்லை.

"வெர்ன், கிளென் போறான்," என்றான்.

கிளென் அவன் அண்ணன். நியெமி எலெக்ட்ரிக்கின் லைசென்ஸே கிளெனின் பெயரில்தான் நின்றது. ஒரு கம்பெனி பெர்மிட் எடுக்க வேண்டுமானால் மாஸ்டர் பரீட்சை தேறிய ஒருவர் அதில் வேலையில் இருந்தாக வேண்டும். ரஸ்ஸுக்குக் கைத்தொழில் லைசென்ஸ் உண்டு. ஆனால் இன்னொருவர் பொறுப்பில்தான் வேலை செய்யலாம். மாஸ்டர் பரீட்சையை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டிருந்தான்.

"எங்க போறான்?"

"டலூத் கம்பெனிக்கு. அவன் பொண்டாட்டிக்கு கிட்னி போயிடுச்சு. வாரம் மூணு தடவை ரத்தம் சுத்தம் பண்ணணும். அந்தக் கம்பெனில நல்ல இன்ஷூரன்ஸ் குடுக்கறாங்க. நாங்க வெச்சிருக்கறது காய்ச்சலுக்குக்கூடக் காணாது." கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "போடான்னு நானேதான் சொன்னேன். வேற என்ன சொல்ல?"

அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரஸ்ஸின் மனைவி கார்லா சமையலறையில், இறைச்சியை உள்ளே வைத்து மடித்துச் சுடும் பாஸ்டிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியின் கணக்கு, போன், பெர்மிட், பில் எல்லாம் அவள் பொறுப்பு. உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் டர்னிப்பும் நறுக்கி வைத்திருந்தாள். கோபம் இருந்தால் அவள் காயை மிகச் சிறியதாக நறுக்குவாள். அன்று டர்னிப் அரிசி போல இருந்தது.

"உக்காருங்க வெர்ன். உங்களுக்கும் சேத்துத்தான் போடறேன்."

"ரஸ் எங்க?"

"கீழே படிக்கறான். படிக்கறதா சொல்லிட்டுப் போயிருக்கான். ஏதோ கழட்டி மாட்ற சத்தம் கேக்குது." மாவின் நடுவில் இறைச்சியை வைத்து மடித்தாள். "பிப்ரவரில பரீட்சை. அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சாப் போதும். மூணாவது தடவை எப்படியும் தேறிடுவான். அதுவரைக்கும் யாராவது மாஸ்டர் வேணும். இல்லேன்னா அடுத்த மாசமே லைசென்ஸ் நின்னுடும். தீயணைப்பு நிலையம் பாதியில நிக்குது. ஊர் கவுன்சில் காத்துக்கிட்டா இருப்பாங்க?"

"யாரையாவது கேட்டுப் பாத்தியா?"

"ஒருத்தர் அவராவே கூப்பிட்டார். ரிட்டயர்டு ஆனவர், அரிசோனால இருக்கார். 'என் பேரைப் போட்டுக்கம்மா, மாசாமாசம் ஏதாவது அனுப்பு, நான் வர வேண்டியதில்லை'ன்றார். அரிசோனாவுல வெயில்ல உக்காந்துக்கிட்டு இங்க நம்ம ஒயருக்குப் பொறுப்பாம்."

"நீ என்ன சொன்னே?"

"வெயில் எப்படி இருக்குன்னு கேட்டு வெச்சுட்டேன்." பாஸ்டியின் ஓரத்தை விரலால் அழுத்தி மூடினாள். "ஆசை இல்லாம இல்ல வெர்ன். ராத்திரி பூரா அதையே நினைச்சுட்டுக் கிடந்தேன். அப்புறம் அந்த மாதிரி வீட்டுல எவளாவது கொழந்தையோட தூங்குவாளேன்னு தோணுச்சு. வேண்டாம்."

"ஸ்டீவைக் கேக்கலாமே. அவங்கிட்ட சேந்து—"

படிக்கட்டில் ரஸ்ஸின் குரல் வந்தது. "அவன்கிட்ட மட்டும் போகாதே."

"காது மட்டும் நல்லாக் கேக்குது பாருங்க," என்றாள் கார்லா. "பரீட்சைல கேள்வியை வாசிச்சுக் காட்டினா பாஸ் பண்ணிடுவான்."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய பரிசுத்த வருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை லைசென்ஸ் நின்றது. அதிலிருந்து ரஸ் ஒரு சுவிட்சைக்கூட காசு வாங்கிக்கொண்டு மாற்றக் கூடாது. தீயணைப்பு நிலையத்தில் கூரையிலிருந்து ஒயர்கள் தொங்கியபடி அப்படியே நின்றன. கார்லா போன் செய்தவர்களிடமெல்லாம், "பிப்ரவரி வரைக்கும் பொறுங்க" என்று சொன்னாள். சிலர் பொறுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே வெகுதூரம் போயிருந்தது. மூச்சு விட்டால் மூக்கினுள் முடி உறைந்து குத்தும். எங்கள் லுத்தரன் சபையில் வாசலில் நின்று வரவேற்பது என் ஊழியம். ஆராதனை தொடங்கும் நேரமாகியும் ஆர்கன் பெஞ்ச் காலியாக இருந்தது. லோயிஸ் டீச்சர் வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். கணவர் போனபின் தனியாக இருக்கிறார். காய்ச்சலோடும் வந்து வாசிப்பாரே தவிர வராமல் இருந்ததில்லை.

வெளியறையில் போய்ப் போன் செய்தேன்.

"வீடு செத்துப்போச்சு வெர்ன்," என்றார் டீச்சர். "விடிகாலைல ஃபர்னஸ் நின்னுடுச்சு. குழாய் உறைஞ்சு வெடிச்சுடாம எல்லாத் தண்ணியும் சொட்டச் சொட்டத் திறந்து வெச்சிருக்கேன். விட்டுட்டு எப்படி வர்றது?"

கடைசி வரிசையில் ரஸ் இருந்தான். காதில் சொன்னேன். போதகர் ஆர்கன் துணையில்லாமல் முதல் பாட்டைத் தொடங்கும்போது நாங்கள் இருவரும் வெளியே வந்துவிட்டோம்.

டீச்சர் கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"விரல் வெரைச்சுடக் கூடாதுன்னு வாசிச்சுட்டே இருக்கேன். ரஸ், நீ மூணாங் கிளாஸ்ல தப்பாப் பாடின பாட்டுத்தான்."

"அதை இன்னும் மறக்கலியா டீச்சர்?"

"கேட்டவங்க யாரும் மறக்கலை."

மின்பெட்டி நிலவறையில் இருந்தது. ரஸ் கதவைத் திறந்தான். உள்ளே ஸ்டிக்கர்: பெர்பிச் எலெக்ட்ரிக்.

"ஸ்டீவைக் கூப்பிடு," என்றேன். "அவன் பெட்டி. அவனே வந்து செஞ்சுடுவான்."

ரஸ் போனைக் கையில் எடுத்தான். கட்டைவிரல் அதன்மேல் நின்றது. பிறகு பையில் போட்டுக்கொண்டான்.

"அவன் ஏரியில மீன் புடிச்சிட்டு இருப்பான். அங்க லைன் கிடைக்காது."

மூடியைக் கழற்றினான். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் போகும் பிரேக்கர் கருகியிருந்தது. கையில் மாற்று பிரேக்கர் இல்லை; கடையிலும் அந்த அளவு தீர்ந்திருந்தது, திங்கட்கிழமைதான் சரக்கு வரும். கருகியதைப் பிடுங்கிவிட்டு, ஃபர்னஸ் ஒயரைப் பக்கத்து பிரேக்கரின் திருகுக்கு அடியில், ஏற்கெனவே இருந்த ஒயரோடு சேர்த்துச் செருகி முடுக்கினான். ஒரு திருகின் கீழ் ஒரு ஒயர்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. இரண்டு தரம் திருப்புளி கைநழுவி விழுந்தது. மெயினைப் போட்டதும் ஃபர்னஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"தற்காலிகந்தான் டீச்சர். நாளைக்குப் புது பிரேக்கர் போட்டுடறேன்."

அவர் ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டி ஒன்றை அவன் கையில் திணித்தார். நாங்கள் திரும்பி வரும்போது ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கார்லா ரொட்டியைப் பார்த்தாள், பிறகு ரஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன தொட்டே?"

"ஒண்ணுமில்ல. ஃபர்னஸ்."

"யாரு பெட்டி?"

அவன் ரொட்டியை அவளிடம் நீட்டினான்.

திங்கட்கிழமை காலையில் ரஸ்ஸின் வேன் கடை வாசலுக்கு வந்தது. உள்ளே மின் இன்ஸ்பெக்டர் டூயி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கார் வெளியே நின்றது. அதைக் கண்டதும் ரஸ் வேனைத் திருப்பிக்கொண்டு போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மறுநாள் பெரும்பனி. ஊரே மண்வெட்டியும் கையுமாக இருந்தது. அவன் தன் வாசலை வெட்டினான், என் வாசலை வெட்டினான், கேட்காமலே தெருக்கோடி வரை வெட்டிக்கொண்டு போனான். டீச்சர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மான்கறிக் குழம்பு. கார்லாவின் போன் மேஜைமேல் அடித்தது. கையெல்லாம் மாவு என்பதால் சத்தமாகக் கேட்கும்படி அழுத்தினாள்.

"நியெமி எலெக்ட்ரிக்," என்றாள், பழக்கத்தில்.

"ஸ்டீவ் பேசறேன். அவன் இருக்கானா?"

ரஸ் கரண்டியைக் கீழே வைத்தான். "இருக்கேன்."

"லோயிஸ் டீச்சர் வீட்டுல இருக்கேன். லைட்டெல்லாம் மினுக்கு மினுக்குன்னு எரியுதுன்னு கூப்பிட்டாங்க. ஸ்டிக்கர்ல என் நம்பர் இருந்துச்சாம்." தூரத்தில் பியானோ கேட்டது. "ஞாயித்துக்கிழமை நீ வந்து சரி பண்ணினதாச் சொல்றாங்க. அப்ப கடைசியாக் கை வெச்சது நீ. அதான் கேக்கறேன். திறக்கட்டுமா?"

கார்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூடி சுடுது ரஸ். மெயினை அணைச்சுட்டேன். திறக்கட்டுமா வேண்டாமா?"

"இரு. வரேன்."

மூவருமாகப் போனோம். வீடு இருட்டாக இருந்தது. டீச்சர் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் பாட்டு வாசித்தபடி இருந்தார். நிலவறையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஸ்டீவ் உட்கார்ந்திருந்தான். பெட்டியின் மூடி கழற்றப்படாமலே இருந்தது. நாங்கள் வரும்வரை அவன் அதைத் தொடவில்லை.

"இப்பத் திற," என்றான் ரஸ்.

மூடி வந்ததும் கருகிய ரப்பர் வாடை எழுந்தது. அந்தத் திருகு சரியாக முடுக்கப்படவில்லை. அதன் கீழிருந்த இரண்டு ஒயர்களின் உறைகளும் பழுப்பாகி உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. அதைத் தாங்கியிருந்த தகடும் கருத்திருந்தது. ஸ்டீவ் டார்ச்சை அதன்மேல் நெடுநேரம் வைத்திருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"கை வெரைச்சிருந்துச்சா?"

"ம்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்."

"நீ ஏரில இருப்பேன்னு—"

"சர்ச்சுல இருந்தேன்டா. கத்தோலிக்கருக்கும் ஞாயித்துக்கிழமைதான் பூசை."

மேலே டீச்சர் ஓர் இடத்தில் தப்பி, திரும்ப அந்த வரியை முதலிலிருந்து வாசித்தார்.

"கூப்பிட்டுப் பாத்தியா?" என்றான் ஸ்டீவ்.

"இல்ல."

ஸ்டீவ் தலையாட்டினான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தான் போல எழுந்து திருப்புளியை எடுத்தான்.

"தகடே போச்சு. பெட்டியை மாத்தணும். நாளைக்குக் காலைல பெர்மிட் எடுக்கறேன். இன்னைக்கு ஃபர்னஸுக்கு மட்டும் தனி வழி குடுத்துட்டுப் போறேன்."

ரஸ் கோட்டைக் கழற்றினான். "நானும் கை குடுக்கறேன்."

"நீ டார்ச்சைப் புடி. அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்."

ரஸ் டார்ச்சைப் பிடித்துக்கொண்டான். வேலை முடியும்வரை வெளிச்சம் கொஞ்சமும் ஆடவில்லை. ஸ்டீவ் பெட்டிக்குள் தலையை விட்டபடியே பேசினான்.

"நாளைக்கு டூயி வருவாரு. என் வேலைக்கு நான் கையெழுத்துப் போடுவேன். உன் வேலைக்குப் போட மாட்டேன். முன்னாடி யாரு கை வெச்சாங்கன்னு கேப்பாரு. எனக்குத் தெரியாதுன்னு பொய் சொல்லவும் மாட்டேன்."

"சொல்லு," என்றான் ரஸ். "சொல்லிடு. பிப்ரவரி பரீட்சைக்கு என்னை விட மாட்டாங்க. அவ்வளவுதானே."

"நான் எதுக்குடா சொல்லணும்? அவர் கேக்கற நேரத்துல நான் வேன்ல ஏதாவது எடுக்கப் போயிருப்பேன். எனக்கு அடிக்கடி எதையாவது வேன்ல வெச்சுட்டு வர்ற புத்தி."

மூவரும் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்குகையில் கார்லா சொன்னாள்: "நான் அரிசோனாக்காரர்கிட்ட வேண்டாம்னு சொன்னப்ப நீ என்னைப் பெருமையாப் பாத்தே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அந்தத் திருகு இன்னும் ரெண்டு நாள் இருந்திருந்தா?"

அவன் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் அன்றிரவு அவர்கள் இருவருக்காகவும் ஜெபித்தேன். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிப்ரவரியைக் கேட்க வாய் வரவில்லை. கர்த்தாவே, நீர் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் டூயி வந்தபோது நானும் அங்கே இருந்தேன்; புதுப் பெட்டியைக் கடையிலிருந்து கொண்டுபோனது நான்தான். டூயி பழைய பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ரெட்டை ஒயர் யாரு வேலை ஸ்டீவ்?"

"டேப்பை வேன்ல விட்டுட்டேன்," என்று ஸ்டீவ் படியேறிவிட்டான். டேப் அவன் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. டூயியும் அதைப் பார்த்தார்.

சுவரோரம் நின்ற ரஸ் முன்னால் வந்தான்.

"நான் போட்டது. ஞாயித்துக்கிழமை. லைசென்ஸ் வெள்ளிக்கிழமையே நின்னுபோச்சு. திங்கட்கிழமை வந்து சரி பண்றேன்னு சொன்னேன். உங்க காரைப் பாத்துட்டுப் பயந்து போயிட்டேன்."

டூயி பெட்டியைக் கீழே வைத்தார். நல்ல மனிதர். வேலையில் மட்டும் நூல் பிசகாதவர்.

"எழுதத்தான் வேணும் ரஸ்."

"தெரியும்."

"காசு வாங்கினியா?"

"ரொட்டி வாங்கினேன்."

"ரொட்டி நான் குடுத்தது," என்று படிக்கட்டின் மேலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "அதையும் எழுதணும்னா எழுதிக்குங்க. ஏலக்காய் போட்டது."

டூயியின் மீசை லேசாக அசைந்தது. "நீயா முன்வந்து சொன்னேன்னும் எழுதுவேன். லைசென்ஸ் போர்டுல என்ன முடிவு பண்ணுவாங்கன்றது என் கையில இல்ல."

முடிவு ஜனவரியில் வந்தது. அபராதம் போட்டார்கள். பிப்ரவரிப் பரீட்சை கிடையாது, இலையுதிர்காலத்துக்குப் பிறகுதான் என்றார்கள். ஊர் கவுன்சில் தீயணைப்பு நிலையத்தில் மீதி வேலையை ஸ்டீவிடம் கொடுத்தது. நியெமி எலெக்ட்ரிக்கின் போன் எண்ணைக் கார்லா நிறுத்திவிட்டாள். கடைக் கவுண்டரின் மறுமுனை சில நாள் காலியாகக் கிடந்தது. ஸ்டீவ் அந்தப் பக்கம் பார்க்காமல் காப்பி குடித்தான்.

ஒரு நாள் காலையில் என்னிடம் கேட்டான்:

"பெரியவரே, பேர் போட்டு வேனுக்கு ஒட்டற காந்தப் பலகை உங்ககிட்ட ஆர்டர் பண்ணலாமா?"

"என்ன அளவு?"

ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினான். அந்த அளவு அவனுடைய எந்த வேனுக்கும் பொருந்தாது. முந்தின ஞாயிறு மத்தியானம் எங்கள் தெருவில் ரஸ்ஸின் வேன் பக்கத்தில் அளவு டேப்பை வைத்துக்கொண்டு பனியில் அவன் நின்றதை நான் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன். ஒன்றும் கேட்காமல் ஆர்டர் போட்டேன்.

பலகை வந்த அன்று அவனே எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தான். நியெமி வீட்டு கராஜ் திறந்திருந்தது. கார்லா தலைமுடி காயவைக்கும் கருவியால் வேனின் பக்கத்தைச் சூடுபடுத்திக்கொண்டு, மறுகையில் பிளேடோடு நின்றாள். வேனை விற்க வேண்டும். பெயரோடு யார் வாங்குவார்கள். 'நியெமி எலெக்ட்ரிக்' என்ற எழுத்துகளில் முதல் எழுத்தின் ஓரம் லேசாகப் பெயர்ந்திருந்தது. ரஸ் பின்கதவில் ஏணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அதை எதுக்குச் சுரண்டறே?" என்றான் ஸ்டீவ்.

"வேற என்ன பண்ணச் சொல்றே?"

"எனக்கு ஒரு ஆள் வேணும். தீயணைப்பு நிலையத்துல ஒயரு தலைக்கு மேல தொங்குது. எது எங்க போகுதுன்னு இழுத்தவனுக்குத்தான் தெரியும்." ரஸ்ஸின் பக்கம் பார்க்காமலே பேசினான். "அவ்வளவு கம்மியா டெண்டர் கேட்டவனைக் கூலிக்கு வெச்சா எனக்கும் லாபம்."

ரஸ் ஏணியை இறக்கி வைத்தான். "கூலியே தேறாதுன்னு ஊரெல்லாம் சொன்னியே."

"தேறாதுதான். இப்ப என் தலையில விழுந்திருக்கு. என்ன இன்ஷூரன்ஸ் குடுக்கறேன்னு கேக்காதே, அழுகை வரும். காலைல ஏழு மணிக்கு வா. உன் வேனைக் கொண்டுவா. எங்கிட்ட வேற வேன் இல்ல."

பலகையைச் சுவரில் சாய்த்து மேலுறையைக் கிழித்தான். பெர்பிச் எலெக்ட்ரிக் என்று பச்சையில் இருந்தது. கார்லாவின் கையிலிருந்த பிளேடை வாங்கி மடித்துத் திரும்ப அவளிடமே கொடுத்தான். பிறகு பலகையைத் தூக்கிப் பெயரின்மேல் கொண்டுபோனான். கடைசி விரற்கிடையில் காந்தம் அதுவாகவே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு டப்பென்று ஒட்டியது. பழைய பெயர் ஓர் எழுத்துக்கூட வெளியே தெரியாமல் மறைந்தது.

"பெயிண்ட் அடிச்சா செலவு," என்றான் ஸ்டீவ். "நீ பாஸ் பண்ணதும் பிடுங்கி எங்கிட்டக் குடுத்துடணும். காந்தம் விலை ஏறிக்கிட்டே போகுதுன்னு பெரியவர் சொல்றாரு."

நான் அப்படிச் சொன்னதே இல்லை. ரஸ் ஏணியை எடுத்துத் திரும்ப வேன்மேல் கட்டத் தொடங்கினான். கார்லா மூவருக்கும் காப்பி கொண்டுவர உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை.

இப்போது இன்னும் பிப்ரவரி. வேலை மெலிவாகத்தான் இருக்கிறது. கரும்பலகையில் விலையை நேற்றும் அழித்து எழுதினேன். மனைவிக்கு உடம்பு அப்படியேதான் இருக்கிறது என்று கிளென் சொல்கிறான். ரஸ் ராத்திரியில் படிக்கிறான்; கார்லா கேள்விகளை வாசிக்கிறாள், அவன் பதில் சொல்கிறான். ஜன்னலைத் தாண்டி சில சமயம் அவள் சிரிப்பு கேட்கும்.

சாலையில் தூவுகிற உப்பும் ஈரமும் காந்தப் பலகைக்கு அடியில் தங்கினால் பெயிண்ட் உரிந்துபோகும். அதனால் சாயங்காலம் வேன் வந்து நின்றதும் கார்லா ஒரு துணியோடு வெளியே வருகிறாள். பலகையைப் பிடுங்கிக் கதவோரம் சாய்த்து வைக்கிறாள். அடியில் இருக்கும் பெயரை எழுத்து எழுத்தாகத் துடைக்கிறாள். பெயர்ந்த முதல் எழுத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி விடுகிறாள். இரவெல்லாம் அந்தப் பெயர் வெளியே பனியில் நிற்கிறது. காலையில் வேலைக்குப் போகுமுன் பலகையைத் திரும்ப ஒட்டுகிறாள். அந்த டப் என்ற சத்தம் கேட்டபின்தான் நான் கடையைத் திறக்கக் கிளம்புகிறேன்.